இரண்டாவது சொம்பு

இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவதை நான் ஒரு நோயாகக் கருதியதில்லை. எழுபதைக் கடந்த ஆண்களில் பெரும்பாலோர் அப்படித்தான் எழுகிறார்கள். காலையில் பள்ளி மைதானத்தைச் சுற்றி நடக்கும் என் வயதினர், முந்தைய இரவு யார் எத்தனை முறை எழுந்தார் என்பதைக் கிரிக்கெட் ஓட்டங்களைப் போல ஒப்பிட்டுக்கொள்வார்கள். நான் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாமல் சற்று முன்னால் நடந்துவிடுவேன். உடலின் செயல்களைப் பற்றிப் பிறரிடம் பேசும் வழக்கம் எனக்கு என்றுமே இருந்ததில்லை. பேச வேண்டியவற்றை என் மனைவி எனக்காகப் பேசிவிடுவாள். "இவருக்கு வயிறு சரியில்லீங்க, கேட்டா சொல்ல மாட்டாரு" என்று அவள் மருத்துவரிடம் தொடங்கினால், நான் பக்கத்தில் அமர்ந்து தலையை அசைத்தால் போதும்.

அவள் மறைந்து ஓராண்டு நிறையப்போகிறது. என் உடலைப் பற்றி என்னைத் தவிர வேறு யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விட்டது.

சென்ற மாதத்தில் ஓர் இரவு, பாப்பாரப்பட்டியில் உள்ள எங்கள் வீட்டின் பின்கட்டில், கழிப்பறைக்குப் போகும் வழியில் வழுக்கி விழுந்தேன். பெரிய விபத்து என்று சொல்ல முடியாது. துவைக்கும் கல்லின் விளிம்பில் புருவம் பட்டுத் தோல் கிழிந்தது. மறுநாள் மாலை மகள் பெங்களூரிலிருந்து வீடியோவில் அழைத்தபோது, முகம் நிழலில் இருக்கும்படி விளக்குக்கு முதுகைக் காட்டி அமர்ந்தேன். அது பயனளிக்கவில்லை.

"நெத்தியில என்னப்பா அது?"

"கதவுல இடிச்சிக்கிட்டேம்மா."

"எந்தக் கதவு?"

முதல் பொய்க்குத் துணையாக இரண்டாவது பொய் ஒன்றை நான் ஆயத்தம் செய்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அதை அவள் தன் தாயைப் போலவே சரியாகப் புரிந்துகொண்டாள்.

"ராத்திரி எத்தன தடவ எழுந்திரிக்கிறீங்க?"

"தேவைப்படறப்ப."

"இது ஒரு பதிலாப்பா? பரீட்சையில ஒரு பையன் இப்படி எழுதி வச்சா மார்க் போடுவீங்களா?"

"போட மாட்டேன்."

"நானும் போட மாட்டேன். மாமாகிட்ட பேசிட்டேன், அவரு உங்களக் கூட்டிட்டுப் போவாரு. டாக்டர் என்ன சொல்றாரோ அதான் முடிவு. தனியா இருக்கலாம்னா இருங்க, நான் வாயே தொறக்க மாட்டேன். தனியா வுடக்கூடாதுன்னு சொல்லிட்டா, வூட்டப் பூட்டிட்டு இங்க வந்திரணும். சரியா?"

ஒப்பந்தம் நியாயமாக இருந்தது. சரி என்றேன். மகளின் வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. அதில் சாளரம் உண்டு, புத்தக அலமாரி உண்டு, அறையோடு சேர்ந்த கழிப்பறையும் உண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நான் அங்கே போக விரும்பவில்லை. காரணங்களை விரிக்க வேண்டியதில்லை. என் மனைவி கடைசியாகப் படுத்திருந்த அறை பாப்பாரப்பட்டியில் இருக்கிறது, பெங்களூரில் இல்லை.

மகள் மாமா என்று குறிப்பிட்டது என் மனைவியின் தம்பியை. என்னைவிடப் பத்து வயது இளையவன். இண்டூர்ப் பக்கம் தக்காளி பயிரிடுகிறான். விடிவதற்குள் பாலக்கோடு மண்டிக்குச் சரக்கைச் சேர்ப்பதற்காக, ஊரில் குட்டியானை என்று சொல்லும் சிறிய சரக்கு வண்டி ஒன்றை வைத்திருக்கிறான். அடுத்த வயலில் நிற்பவரை அழைக்கும் குரலில்தான் பக்கத்தில் இருப்பவரிடமும் பேசுவான். என் திருமணத்தன்று தொடங்கிய அவனுடைய கேலி, அவன் அக்காள் மறைந்த பிறகு அநேகமாக நின்றுபோயிருந்தது. மருத்துவமனைக்குப் புறப்பட்ட அன்று அவன் அதை மீண்டும் தொடங்க முயல்வதை நான் கவனித்தேன்.

அக்காளுக்கும் தம்பிக்கும் முகச்சாயலில் ஒற்றுமை கிடையாது. பற்களில் உண்டு. இருவரும் சிறு வயதில் ஊர்க் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்கள். எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அது பற்களில் பழுப்புக் கோடுகளாகத் தங்கிவிடும். அவற்றை மறைப்பதற்காக என் மனைவி வாழ்நாள் முழுவதும் உதட்டை மூடியே சிரித்தாள். அவள் தம்பிக்கு அந்தக் கவலை கிடையாது. வாயை முழுதாகத் திறந்து சிரிப்பான்.

"ஏறுங்க மாமா. தக்காளிப் பெட்டிய விடப் பத்தரமா கொண்டுபோறேன்" என்றான்.

"வண்டி பூரா தக்காளி வாசம்."

"பின்ன, மல்லிப்பூ வாசமா வரும்? இது என்னா கண்ணால வண்டியா?"

தர்மபுரிச் சாலையில் ஏறியதும் அவன் விசாரணையைத் தொடங்கினான்.

"நானுந்தான் ராத்திரி எழுந்திரிக்கிறேன். எனக்குக் காடு பூரா பாத்ரூம். எழுந்தமா, நின்னமா, வந்து படுத்தமான்னு இருக்கும். நீங்க படிச்சவங்க. கண்ணாடியத் தேடணும், லைட்டப் போடணும், செருப்ப மாட்டணும், தாப்பாள எடுக்கணும். அதுவரைக்கும் அது பொறுத்துக்குமா? கோவிச்சிக்காது?"

"ரோட்டப் பாத்து ஓட்டு மச்சான்."

"ஓட்றேன். ஆனா ஒண்ணு சொல்லிட்றேன். டாக்டர் சொல்றத ஒரு வார்த்த வுடாம சொல்றேன்னு உங்க பொண்ணுகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். அக்கா மேல. அதனால எதையாச்சும் மறைச்சு என்ன மாட்டிவுட்றாதீங்க."

நான் சாலையோரத்துப் புளிய மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மறைப்பதற்கு என்னிடம் ஒன்று இருந்தது.

மருத்துவமனையின் எதிரே ஒரு வேப்ப மரத்தடியைக் கண்டுபிடித்து வண்டியை நிறுத்தினோம். சிறுநீரகச் சிகிச்சைக்கென்றே உள்ள மருத்துவமனை அது. கூடத்தில் அநேகமாக எல்லாரும் என் வயதினர். ஒவ்வொருவருக்கும் துணையாக ஒரு மகனோ மருமகளோ மனைவியோ வந்திருந்தார்கள். மனைவிகள்தாம் உரக்கப் பேசினார்கள். கணவன்மார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சி எனக்கு நன்கு பழக்கமானது.

மருத்துவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். தர்மபுரிக் கடைவீதியில் நெடுங்காலம் வணிகம் செய்துவந்த முஸ்லிம் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் என்று மைத்துனன் அறிமுகப்படுத்தியதும், நாற்காலியில் சற்று நிமிர்ந்து அமர்ந்தார். நான் இரவில் எழுவதையும் விழுந்ததையும் மகள் பெங்களூருக்கு அழைப்பதையும் அவனே சொன்னான்.

"எவ்ளோ நாளா இருக்குங்க சார்?"

"ஏறக்குறைய ஒரு வருஷமா."

"போறப்ப எரிச்சல் இருக்கா?"

"இல்லைங்க."

"முக்கிப் போகணுமா? சொட்டு சொட்டா வருதா?"

"இல்லை. தாராளமாத்தான் வருது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒவ்வொரு தடவையும் தாராளமாவா?"

"ஆமாம்."

"தண்ணி எவ்ளோ குடிக்கறீங்க?"

"வழக்கமான அளவு."

"அவரு வழக்கம்னா வழக்கந்தாங்க டாக்டர்" என்றான் மைத்துனன். "தும்மறதுன்னாலும் கடியாரத்தப் பாத்துட்டுத்தான் தும்முவாரு."

அடுத்து நடந்த பரிசோதனையை நான் விவரிக்கப்போவதில்லை. இடப்பக்கம் சாய்ந்து, முழங்கால்களை மடக்கி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அந்தச் சுவருக்குப் புதிதாக வெளிர்பச்சை வண்ணம் பூசியிருந்தார்கள். ஒரு மூலையில் தூரிகையின் மயிர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மருத்துவர் மெதுவாகவும் மரியாதையாகவும் தம் வேலையைச் செய்தார். பிறகு இரத்தம், சிறுநீர்ச் சோதனைகளுக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் எடுக்கச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒரு செவிலியர் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் கொடுத்து, "குடிச்சிட்டு நடந்துட்டே இருங்க தாத்தா, முட்டுனா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். குடித்தேன். நடந்தேன். ஒன்றும் நிகழவில்லை. எனக்குப் பின் வந்தவர்களெல்லாம் கையை உயர்த்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

"முட்டுச்சா தாத்தா?"

"இன்னும் இல்லைம்மா."

"பாருங்க மாமா, ராத்திரில கூப்டாமலே வர்றது, பகல்ல பத்திரிக வச்சு அழைச்சாலும் வர மாட்டங்குது. உங்கள மாதிரியே ரோசம்."

கூடத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றே நினைக்கிறேன். ஆனால் கையில் பாட்டிலோடு அந்த நடைவழியில் போய்வந்துகொண்டிருந்தபோது என் மனம் வேறொரு பாத்திரத்தில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் மறைந்தால், அவர் படுத்திருந்த இடத்தில் விளக்கேற்றி, அதன் அருகே ஒரு சொம்பில் தண்ணீர் வைப்பார்கள். தாகத்தோடு வரும் உயிர் வெறும் வாயோடு திரும்பக் கூடாது என்பது நம்பிக்கை. கருமாதி முடியும்வரை ஒவ்வொரு மாலையும் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் வைக்க வேண்டும். என் மனைவிக்கு அதைச் செய்தவன் அவள் தம்பி. நான் அதைத் தடுக்கவில்லை. அதில் கலந்துகொள்ளவும் இல்லை. நீர் எப்படி ஆவியாகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்பதை ஆயுள் முழுவதும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கருமாதி முடிந்ததும் விளக்கையும் சொம்பையும் எடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னவனும் நான்தான். எடுத்தார்கள். உறவினர்கள் அன்று மாலையே பேருந்து ஏறினார்கள்.

இரவு படுக்கப்போகும் முன் சமையலறைக்குள் போனேன். இரண்டு பித்தளைச் சொம்புகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒன்று என்னுடையது. பல ஆண்டுகளுக்கு முன் சிறுநீரகக் கல்லால் நான் துடித்த நாள்முதல், படுக்கும் முன் ஒரு சொம்புத் தண்ணீரை என் கையில் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பது என் மனைவியின் வழக்கம். மற்றது அவளுடையது. நான் இரண்டையும் நிரப்பினேன்.

ஏன் என்று அப்போது யாரேனும் கேட்டிருந்தால், பழக்கம் என்று சொல்லியிருப்பேன். கடைசி வாரங்களில் அவள் இதயம் தளர்ந்து உடம்பில் நீர் கோத்திருந்தது. தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கட்டளை. நான் டம்ளரில் அளந்து கொடுப்பேன். "தண்ணியக்கூட அளக்கறீங்களே, இது என்ன வூடா, லேபா?" என்று கேட்பாள். உதட்டை மூடிக்கொண்டு சிரிப்பாள். கருமாதி முடிந்த அந்த இரவில் நான் அவள் சொம்பை விளிம்புவரை நிரப்பி, அவள் படுத்திருந்த இடத்தில் வைத்தேன்.

மறுநாள் இரவு அது நிறைந்தபடியே இருந்தது. அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். புதுத் தண்ணீர் வைப்பதற்காகப் பழையதைப் பின்கட்டுச் செம்பருத்திக்கு ஊற்றப் போனேன். கை சாயவில்லை. எங்கள் வீட்டில் செடிக்கும் துணிக்கும் போர்த் தண்ணீர். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டும் குழாயில் முறைவைத்து வரும் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர். அந்த நல்ல தண்ணீரில் ஒரு கை அளவு தரையில் சிந்தினாலும் என் மனைவி பொறுக்கமாட்டாள். தன் பற்களில் இருந்த கோடுகள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வராமல் காக்கும் தண்ணீர் அது. காபி குடித்த டம்ளரில் மிஞ்சும் கடைசி மிடற்றை முற்றத்தில் உதறுவது அவள் தம்பியின் பழக்கம்; அதற்குக்கூட, "நல்ல தண்ணிலடா போட்டேன், மண்ணுக்கு எதுக்குக் காபி?" என்று அவனைத் திட்டுவாள்.

ஆகவே அவள் சொம்பில் இருந்த தண்ணீரை நின்றபடியே குடித்தேன். அதைக் கழுவி, புதிதாக நிரப்பி வைத்தேன். பிறகு என் சொம்பையும் வழக்கப்படி குடித்துவிட்டுப் படுத்தேன். அதன்பின் எல்லா இரவுகளும் அப்படியே நடந்தன. சிறுநீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை தெரிந்த ஒரே ஆள், கையில் பாட்டிலோடு அந்த நடைவழியில் நடந்துகொண்டிருந்தான்.

"தாத்தா?"

"முட்டுதும்மா" என்றேன்.

மதியத்துக்குப் பிறகு மருத்துவர் மீண்டும் அழைத்தார். முடிவுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"பெருசா பயப்பட ஒண்ணுமில்லீங்க சார். புராஸ்டேட் கொஞ்சம் வீங்கியிருக்கு, உங்க வயசுக்கு அது சகஜம். உள்ள நீர் தங்கல. சுகர் இல்ல, கிருமி இல்ல. ஆனா இதெல்லாம் உங்கள இத்தன தடவ எழுப்பக் கூடாது. அதான் எனக்கு இடிக்குது. ஹார்ட், தூக்கம் எல்லாத்தையும் ஒருக்கா பாத்துரணும். சேலத்துக்கு எழுதித் தரேன். அதுவரைக்கும் ராத்திரில தனியா இருக்காதீங்க. இந்தத் தடவ புருவத்தோட போச்சு, அடுத்த தடவ இடுப்பு எலும்புன்னா ரொம்பக் கஷ்டம். மக வீட்டுக்குப் போயிருங்க."

மைத்துனன் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தான். அவன் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை.

"சொல்லித்தான் ஆவணும் மாமா. அக்கா மேல சத்தியம்" என்று, அவனுக்கு இயல்பில்லாத தாழ்ந்த குரலில் சொன்னான்.

வீடு பூட்டப்படுவதை நான் பார்த்தேன். முன்கதவு, பின்கட்டுக் கதவு, அந்த அறையின் கதவு. தடுப்பதற்கு எனக்கு ஒரு வழிதான் இருந்தது. நான் பேச வேண்டும். எனக்காகப் பேசக்கூடியவள் அருகில் இல்லை.

"கொஞ்சம் இரு மச்சான்" என்றேன். "டாக்டர், தண்ணி விஷயத்த நான் முழுசா சொல்லலைங்க. படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு சொம்பு குடிக்கறேன்."

"சொம்பா? பித்தளையா, எவர்சில்வரா?"

"பித்தளை. கழுத்து குறுகின பழைய மாதிரி."

"எங்க அத்தா கடைவீதில பாத்திரக் கடை வச்சிருந்தாருங்க. அந்தச் சொம்புங்களுக்கு நடுவுலதான் நான் தவழ்ந்தேன். முக்கா லிட்டர் புடிக்கும்."

"ஏறக்குறைய."

"அப்ப ரெண்டும் சேர்ந்து ஒன்றர லிட்டர்." பேனாவை மேசைமேல் வைத்தார். "ஒன்றர லிட்டர் தண்ணிய குடிச்சிட்டு நீங்க எழுந்திரிக்காமத் தூங்கியிருந்தாத்தான் சார் நான் பயப்படணும்."

மைத்துனன் வாய்விட்டுச் சிரித்தான். வீட்டைப் பூட்ட வேண்டியதில்லை என்பது அவனுக்கும் விளங்கிவிட்டது.

"மாமா! இதுக்கா காலைலருந்து என்ன அலைய வச்சீங்க? ஒரு சொம்பு கல்லுக்கு, அக்கா குடுக்கும், அது எனக்குத் தெரியும். ரெண்டாவது எதுக்கு? ராத்திரில விருந்தாளி யாராச்சும் வர்றாங்களா?"

"அது உங்கக்காவோடது மச்சான்" என்றேன்.

தொடர்ந்து சில வாக்கியங்களில், வகுப்பில் ஒரு செயல்முறையை விளக்குவதைப் போல, வரிசையாகச் சொன்னேன். கருமாதிக்குப் பிறகும் தண்ணீர் வைப்பதை, நல்ல தண்ணீரைச் செடிக்கு ஊற்ற முடியாததை, ஆகவே குடித்துவிடுவதை. குரல் எங்கும் தடுமாறவில்லை என்று நினைக்கிறேன். சொல்லி முடித்த பிறகுதான், இரு கைகளாலும் மேசையின் விளிம்பைப் பற்றியிருப்பதைக் கவனித்தேன்.

மைத்துனன் எழுந்தான்.

"வண்டிய வெயில்ல வுட்டுட்டேன். நெழல்ல நிறுத்திட்டு வந்திடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

வண்டி நிழலில்தான் நின்றிருந்தது.

மருத்துவர் நாற்காலியை எனக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வைக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேங்க சார். அது உங்க வீட்டு விஷயம். குடிக்கற நேரத்த மட்டும் மாத்துங்க. கல்லுக்கும் பகல்ல நிறைய குடிச்சிக்கலாம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அரை டம்ளர். அதுக்கு மேல வேணாம்."

"அளந்து குடிக்கணுமா?"

"அளந்துதாங்க குடிக்கணும்."

சரி என்றேன்.

மகளின் எண்ணைக் கேட்டு அவரே தம் கைப்பேசியில் அழைத்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றும், படுக்கும் நேரத்தில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றும், ஒரு மாத்திரை தருவதாகவும், கழிப்பறை வழியில் விளக்கும் கைப்பிடியும் வேண்டும் என்றும் சொன்னார். "தனியா இருக்கட்டும்மா. ஒரு மாசம் கழிச்சு நான் பாக்கறேன். அப்பவும் இப்படியே எழுந்தாருன்னா நானே பஸ் ஏத்தி அனுப்பிடறேன்."

மறுமுனையில் மகளின் குரல் எனக்கும் கேட்டது. "அவ்ளோ தண்ணி எதுக்கு டாக்டர் குடிச்சாரு?"

மருத்துவர் என்னைப் பார்த்தார்.

"பழக்கம்மா" என்றார்.

திரும்பும் வழியில் மைத்துனன் நெடுநேரம் பேசவில்லை. அவன் பேசாமல் வண்டியோட்டி நான் பார்த்ததில்லை. எஞ்சினின் ஓசை எனக்குப் புதிதாக இருந்தது. ஊர் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

"கருமாதி வரைக்கும் தெனம் சாயங்காலம் நான்தான மாமா செடிக்கு ஊத்தினேன். நல்ல தண்ணிய."

"ஆமாம்."

"அக்கா என்ன எவ்ளோ திட்டியிருக்கும்?"

"திட்டித்தான் இருப்பா."

"நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"நீங்க அக்காவும் தம்பியும் பேசறதுல நான் எப்ப மச்சான் நடுவுல வந்திருக்கேன்?"

அவன் சிரித்தான். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புழுதி என்றான். பிறகு வழக்கமான குரல் திரும்பியது.

"காபிக்கு ஊத்திருங்க மாமா. ராத்திரி பூரா அக்கா இடத்துல இருக்கட்டும், காலைல எடுத்துக் காபி போடுங்க. அக்காவுக்குக் காபின்னா உசுரு. தண்ணியும் வீணாவாது, நீங்களும் ராத்திரில குதிரை மாதிரி ஓட வேணாம். மண்டிலருந்து திரும்பறப்ப நானும் வந்துட்றேன். எனக்கும் ஒரு டம்ளர்."

அன்று மாலையே அவன் பின்கட்டு வழியில் ஒரு விளக்கைப் பொருத்தினான். தக்காளிப் பந்தலுக்கு வைத்திருந்த இரும்புக் குழாய் ஒன்றைச் சுவரில் கைப்பிடியாக அடித்தான். அது சற்றுக் கோணலாகத்தான் இருக்கிறது. ஆனால் உறுதியானது.

அந்த இரவில் ஒருமுறை எழுந்தேன். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு போய்வந்தேன். அவள் அறையைக் கடக்கும்போது சொம்பு வைத்த இடத்திலேயே இருந்தது. என் கை பழக்கத்தால் அதை நோக்கிப் போயிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை. எடுக்காமல் போய்ப் படுத்தேன். வாய் உலர்ந்திருந்தது. இதே வறட்சியோடு அவள் எத்தனை இரவுகள் படுத்திருந்தாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்; எப்போது உறங்கினேன் என்று தெரியவில்லை.

விடிந்ததும் அவள் சொம்பை எடுத்து, அடுப்பில் வைத்த பாத்திரத்தில் ஊற்றினேன். வேறு தண்ணீர் சேர்க்கவில்லை. காபி வடிந்துகொண்டிருக்கும்போதே வாசலில் குட்டியானை வந்து நின்றது. மைத்துனன் தலையில் கட்டிய துண்டோடு உள்ளே வந்து, முற்றத்துப் படியில் அமர்ந்து, டம்ளரை வாங்கிக்கொண்டான்.

"சக்கர போட்டீங்களா மாமா?"

"போட்டேன்."

"காட்டிட்டு எடுத்துட்டீங்களா?"

"உன் வயசுக்கு அது போதும்."

"அக்கா இருந்தவரைக்கும் இந்த வூட்ல எனக்கு ரெண்டு ஸ்பூன்" என்று முணுமுணுத்துக்கொண்டே குடித்தான். அன்று மண்டியில் நடந்த சண்டை ஒன்றைச் சொல்லிச் சிரித்தான். காலை வெளிச்சத்தில் அவன் பற்களில் இருந்த பழுப்புக் கோடுகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இரவில் ஒருமுறை எழுகிறேன். சில இரவுகளில் இரண்டு முறை. அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீட்டைப் பூட்டும் பேச்சை மகள் எடுப்பதில்லை. அரை டம்ளர்தானா என்று மட்டும் நாள்தோறும் கேட்கிறாள். தாத்தா காபி போடக் கற்றுக்கொண்டார் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாளாம்.

அந்த முதல் நாள் காலையில், பேசி முடித்த மைத்துனன் டம்ளரின் அடியில் மிஞ்சியிருந்த கடைசி மிடற்றை உதறுவதற்காக, எப்போதும் போல முற்றத்தை நோக்கிக் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு டம்ளரை வாய்க்கு மேலே உயர்த்தி, கடைசிச் சொட்டு விழும்வரை தலையைச் சாய்த்துக் காத்திருந்து, அதையும் குடித்துவிட்டு என்னிடம் கொடுத்தான்.